கழற்ற முடியாத குழாய்

சனிக்கிழமை காலை ஏழு மணி. அமெரிக்கப் புறநகர் வீடு ஒன்றின் வாசலில் கார் வெயிலில் நிற்கிறது. காருக்குரிய ஷெட்டில் மூன்று பெரிய எவர்சில்வர் பாத்திரங்கள் இடம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அடியில் காஸ் அடுப்புகள். பாத்திரத்துக்குப் பாத்திரம் குழாய்கள், வால்வுகள்; நடுவே ஒரு சின்ன பம்ப். புதிதாகப் பார்ப்பவருக்கு ஏதோ குட்டிப் பால் பண்ணை போலத் தோன்றும். அங்கே முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு நிற்பவர் வார நாட்களில் கம்ப்யூட்டர் எஞ்சினியராக இருக்கலாம், பள்ளி ஆசிரியராக இருக்கலாம். இன்று அவர் பீர் காய்ச்சுகிறார். மாலைக்குள் ஐந்து காலன், அதாவது சுமார் 19 லிட்டர் சாறு தயாராகிவிடும். அது சில வாரங்களில் நல்ல பீராகுமா, சாக்கடைக்குப் போகுமா என்பது தானியத்தையும் ஈஸ்ட்டையும் மட்டும் பொறுத்ததல்ல. பெருமளவுக்கு அந்தக் குழாய்களைப் பொறுத்தது.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் ஆரம்பத்தில் பேசுவதெல்லாம் ருசியைப் பற்றி. எந்த மால்ட், எந்த ஹாப்ஸ், எவ்வளவு கசப்பு. ஓரிரு ஆண்டுகள் போனால் பேச்சு மாறிவிடுகிறது. அரை இஞ்ச் குழாயா, முக்கால் இஞ்ச்சா? பம்ப் பாத்திரத்துக்குக் கீழே எத்தனை அடியில் இருக்க வேண்டும்? வால்வு எந்தப் பக்கம்? சமையல்காரராகத் தொடங்கியவர் பிளம்பராகிவிடுகிறார். இதில் வேடிக்கை உண்டு. ஆனால் காரணமும் உண்டு.

அமெரிக்காவில் இந்த உரிமை அவ்வளவு பழையதல்ல. 1920-ல் அங்கே மதுவிலக்கு வந்தது, 1933-ல் போனது. போன பிறகு வீட்டில் ஒயின் செய்துகொள்ள இடம் கிடைத்ததே தவிர, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபர் 14-ம் தேதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. வயது வந்த ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் பீரை வரியில்லாமல் காய்ச்சிக்கொள்ளலாம். விற்கக் கூடாது. சாராயம் வடிக்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. மாநிலங்கள் தங்கள் சட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்ததில், கடைசி இரண்டு மாநிலங்களான மிசிசிப்பியும் அலபாமாவும் வழிவிட 2013 ஆகிவிட்டது. பிரிட்டனில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் 1963-லேயே வீட்டு பீருக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்துவிட்டார்.

சட்டம் அனுமதி தந்தது; சாமான் தரவில்லை. வீட்டு அளவில் பீர் காய்ச்சுவதற்கென்று அன்று பாத்திரமோ பம்ப்போ விற்பார் அதிகமில்லை. கிடைத்ததை வைத்துக்கொண்டு குழாய் போடும் பழக்கம் அப்படித்தான் பிறந்தது. பீர் கம்பெனிகளின் 58 லிட்டர் எவர்சில்வர் பீப்பாயின் மேல் மூடியை வெட்டி எடுத்து அண்டாவாக்குவது பிரபலமாயிற்று. இதில் ஒரு சங்கடம்: கடையில் கட்டும் டெபாசிட், பீப்பாயின் விலை அல்ல. பீப்பாய் கம்பெனிக்கே சொந்தம். டெபாசிட்டை விட்டுக்கொடுத்துவிட்டால் பீப்பாய் தன்னுடையதாகிவிட்டது என்று பலர் வசதியாக நினைத்துக்கொண்டார்கள்.

குழாயின் கஷ்டம் புரிய, காய்ச்சும் முறை கொஞ்சம் தெரிய வேண்டும். முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை நொறுக்கி 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ள தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்தில் உள்ள என்சைம்கள் மாவைச் சர்க்கரையாக்குகின்றன. இனிப்புச் சாறு கீழே வடிகிறது. தேங்காய்க்கு இரண்டாம் பால் எடுப்பதுபோல, தானியத்தின் மேல் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி மிச்ச இனிப்பையும் வாங்கிக்கொள்கிறார்கள். வோர்ட் என்று பெயர் பெற்ற இந்தச் சாற்றை ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, சீக்கிரம் ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடி வைக்க வேண்டும். ஆக மூன்று பாத்திரங்கள்: வெந்நீருக்கு ஒன்று, தானியத்துக்கு ஒன்று, கொதிக்க ஒன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரவம் போக வேண்டும். கேள்வி, எப்படிப் போக வேண்டும் என்பதுதான்.

மிகப் பழைய விடை, புவியீர்ப்பு. மூன்று படிகள் உள்ள இரும்பு ஸ்டாண்டில் வெந்நீர் உச்சியில், தானியம் நடுவில், கொதிகலம் கீழே. வால்வைத் திறந்தால் தானாக இறங்கும். மின்சாரம் வேண்டாம், பழுதாக எதுவும் இல்லை. கலிபோர்னியாவின் சோனோமாவில் 1976-ல் நியூ ஆல்பியன் என்ற சின்ன பீர் ஆலையைத் தொடங்கிய ஜாக் மெக்காலிஃப் இப்படித்தான் செய்தார். அவர் முன்னாள் கடற்படைக்காரர். ஸ்காட்லாந்தில் பணியில் இருந்தபோது வீட்டில் பீர் காய்ச்சப் பழகியவர். பழைய பால் பண்ணைச் சாமான்களையும் 55 காலன் பீப்பாய்களையும் வைத்து, திரவம் மேலிருந்து கீழே ஓடும்படி ஆலையைத் தன் கையாலேயே கட்டினார். வியாபாரம் கட்டுப்படியாகாமல் 1982-ல் அது மூடப்பட்டது. ஆனால் இன்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் இருக்கும் சிற்றாலைகளுக்கு முன்னோடி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

புவியீர்ப்புக்கு விலை இல்லை என்று நினைத்தால் தவறு. மேல்படியில் உள்ள பாத்திரம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அதில் 40 லிட்டர் வெந்நீர் 77 டிகிரி சூட்டில் இருக்கிறது. எட்டிப் பார்க்க ஸ்டூல் போட வேண்டும். ஸ்டூல் ஆடினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஷெட்டின் கூரை உயரமும் இடிக்கும். இந்த பயத்தில்தான் பலர் மூன்று பாத்திரங்களையும் ஒரே மட்டத்துக்கு இறக்கினார்கள். இறக்கியவுடன் பம்ப் தேவைப்பட்டது.

வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது காந்த பம்ப். மோட்டாரின் காந்தம் வெளியே, விசிறியின் காந்தம் உள்ளே, இடையில் சுவர். உள்ளே நுழையும் அச்சு கிடையாது, அதனால் சீல் தேய்ந்து ஒழுகும் பேச்சும் கிடையாது. ஆனால் இந்தப் பம்ப்புக்குத் தானாக உறிஞ்சத் தெரியாது. கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி எடுக்க வைத்தவர்களுக்கு இது விளங்கும். உள்ளே காற்று நின்றுவிட்டால் விசிறி வெறுமனே சுற்றும், ஒரு சொட்டு நகராது. ஆகவே பம்ப் பாத்திரத்துக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். அதன் வாய் கீழ்ப்பக்கமும் வெளிவழி மேல்பக்கமும் பார்க்க வேண்டும். அப்போதுதான் காற்று மேலேறி வெளியே போகும். பம்ப்புக்குப் போகும் ஹோஸ் வழியில் எங்கும் மேடாக வளையக் கூடாது. வளைந்த இடத்தில் காற்று குடியேறிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் புதியவர் பம்ப்புக்கு முன்னால் உள்ள வால்வைத் திருகுவார். சாதாரணத் தண்ணீரென்றால் தப்பிக்கலாம். கொதிநிலையை ஒட்டிய சாறு அப்படிப்பட்டதல்ல. பம்ப் இழுக்கும் பக்கத்தில் அழுத்தம் குறைவு. வால்வையும் மூடினால் இன்னும் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். சாறு குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி, பம்ப் கடகடவென்று சத்தமிட்டுக்கொண்டு நின்றுபோகும். எனவே விதி: இழுக்கும் பக்கம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும்; ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பம்ப்புக்குப் பின்னால்தான்.

இதெல்லாம் பம்ப் வைத்தவர் இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் கற்றுக்கொண்டுவிடும் பாடம். தவறினால் பம்ப் நிற்கும், பார்த்துச் சரிசெய்யலாம். பார்க்க முடியாத தவறுதான் பொல்லாதது. அது கொதித்த பிறகு தொடங்குகிறது.

பீர் குழாயமைப்பில் ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. கொதிப்பதற்கு முன், கொதித்த பின். முன்னால் உள்ள குழாயில் கொஞ்சம் அழுக்கு இருந்தால் ஒரு மணி நேரக் கொதி அதில் உள்ள உயிரிகளைக் கொன்றுவிடும். பின்னால் மன்னிப்பே இல்லை. ஆறிய சாறு, கிருமிகளின் கல்யாண விருந்து: சர்க்கரை, புரதம், வெதுவெதுப்பு எல்லாம் அதில் இருக்கிறது. தயிருக்கு உறை ஊற்றும் எந்த வீட்டுக்கும் இந்தக் கணக்கு தெரியும். காய்ச்சிய பால் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் உறை ஊற்ற வேண்டும். அதே நேரத்தில் பாத்திரம் சுத்தமில்லாவிட்டால் வேண்டாத உறையும் சேர்ந்துகொள்ளும். பீரில் ஈஸ்ட்தான் உறை. வேண்டாத விருந்தாளிகளில் முக்கியமான ஒன்று, தயிரைத் தோய்க்கும் அதே லாக்டோபாசில்லஸ் குடும்பம். தயிரில் அமிர்தம், பீரில் புளிப்பு. பெடியோகாக்கஸ் என்ற மற்றொன்று புளிப்போடு உருகிய வெண்ணெய் வாசனையையும் தரும்.

பீர் கெடுவது காற்றின் கோபமல்ல, நுண்ணுயிரிகளின் வேலை என்று லூயி பாஸ்டர் 1876-ல் வெளியிட்ட தன் பீர் ஆராய்ச்சி நூலில் காட்டினார். 1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். அதிலிருந்து பெரிய ஆலைகளின் எஞ்சினியர்கள் மனதில் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குழாயில் திரவம் தேங்கும் மூலை எங்கே?

வீட்டுக் குழாயமைப்பில் அப்படிப்பட்ட மூலைகளுக்குப் பஞ்சமில்லை. சாதாரண பால் வால்வையே எடுத்துக்கொள்ளலாம். உள்ளே துளையிட்ட ஒரு குண்டு. கால் சுற்றுத் திருப்பினால் வழி திறக்கும், மூடும். அந்தக் குண்டுக்கும் வெளி ஓட்டுக்கும் இடையே மெல்லிய சந்து ஒன்று உண்டு. ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் ஒரு ஸ்பூன் சாறு அங்கே போய் மாட்டிக்கொள்கிறது. வெந்நீரை எவ்வளவு ஓடவிட்டாலும் அந்தச் சந்துக்குள் போகாது. மலிவான வால்வைக் கழற்ற முடியாது. இரண்டு மாதம் பயன்படுத்திய வால்வை அறுத்துப் பார்த்தவர்கள் உள்ளே கறுப்புப் பிசினைப் பார்த்திருக்கிறார்கள். மூன்று துண்டாகப் பிரியும் வால்வு விலை அதிகம். ஆனால் நான்கு போல்ட்டைக் கழற்றினால் குண்டு கையில் வந்துவிடும்.

மரை இணைப்புகளும் அப்படியே. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிய மரையில் தண்ணீர் ஒழுகாது. ஆனால் மரையின் பள்ளங்களில் சாறு ஊறும். ஒரு டீ இணைப்பில் ஒரு கிளையை அடைத்து வைத்தால், அந்த அடைத்த கிளை ஓட்டம் இல்லாத குட்டை. வெப்பமானி செருகுவதற்கென்று போடும் கிளைகள் பல இப்படித்தான் முடிகின்றன. பால் பண்ணைக்காரர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். மரையே இல்லாமல், வழவழப்பான இரண்டு விளிம்புகளை ரப்பர் வளையம் வைத்துச் சேர்த்து, வெளியே ஒரு கிளாம்ப்பால் பிடித்துவிடுவது. கையால் திருகினால் கழன்றுவிடும். டிரை-கிளாம்ப் என்ற இந்த இணைப்புகள் பின்னாளில் வீட்டு ஷெட்டுக்கும் வந்துவிட்டன. கட்டுப்படியாகாதவர்கள், சூட்டைத் தாங்கும் சிலிகான் ஹோஸையும் நெம்புகோலை மடக்கினால் பூட்டிக்கொள்ளும் கேம்லாக் இணைப்பையும் ஆற்றலுக்கு முந்தைய வழிக்கு வைத்துக்கொண்டு, ஆறிய சாறு போகும் வழியில் மட்டும் செலவு செய்கிறார்கள். அது புத்திசாலித்தனம்.

ஆறவைக்கும் இடத்தில் குழாய்க்காரரின் முழுத் திறமையும் சோதனைக்கு வருகிறது. 20 லிட்டர் சாற்றை 100 டிகிரியிலிருந்து 20-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 6,700 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். மின்சாரக் கணக்கில் இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சீக்கிரமும் ஆக வேண்டும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய சாறு எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறதோ அவ்வளவு ஆபத்து. மூடி போட்டு மெள்ள ஆறவிட்டால் சிலவகை மால்ட்டில் வேகவைத்த சோள வாசனை தங்கிவிடும்.

எளிய வழி, செப்புச் சுருள். சுமார் 15 மீட்டர் செப்புக் குழாயைச் சுருட்டிக் கொதிக்கும் சாற்றில் இறக்கி, சுருளுக்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிடுவது. சாறு குழாய்க்கு வெளியே இருப்பதால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கடைசிப் பத்து நிமிடக் கொதியிலேயே சுருள் சுத்தமாகிவிடும். இரண்டாவது, எதிரோட்டக் குழாய். செப்புக் குழாய்க்குள் சாறு ஒரு திசையில். அதைச் சுற்றிய ஹோஸில் தண்ணீர் எதிர்த்திசையில். வெளிவரும் சாறு எப்போதும் புதுத் தண்ணீரைச் சந்திப்பதால் கிட்டத்தட்டத் தண்ணீர் அளவுக்கே குளிர்ந்துவிடும். மூன்றாவது, தகடு குளிர்விப்பான். செங்கல் அளவுதான், மெல்லிய எவர்சில்வர் தகடுகளை அடுக்கி ஒட்டியது. வேகத்தில் இதற்கு இணை இல்லை. ஆனால் தகடுகளுக்கு இடையே ஹாப்ஸ் துகள் சிக்கிக்கொண்டால் யாரும் பார்க்க முடியாது. ஒட்டிய தகட்டைப் பிரிக்கவும் முடியாது. அதை மின்சார அவனில் வைத்துச் சுடுகிறவர்கள் உண்டு. கொதிக்கும் சாற்றையே கால் மணி நேரம் அதன் வழியே சுற்றவிடுகிறவர்கள் உண்டு. ஆக, வேகத்துக்குக் கொடுக்கும் விலை பார்வை. வெப்ப ஊரில் இன்னொரு தொல்லையும் சேரும். ஃப்ளோரிடாவின் கோடையில் குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரி. எந்தக் குளிர்விப்பானும் தண்ணீரைவிடக் குளிராக்காது. கடைசிக் கட்டத்துக்கு ஐஸ் தண்ணீரைச் சுற்றவிட வேண்டியதுதான்.

எந்த உலோகம் என்பதிலும் ருசியோடு உடல்நலமும் இருக்கிறது. செம்பு, எவர்சில்வரைவிட இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆறவைக்கும் சுருளுக்கு அதுவே சரி. ஆனால் பீராகிவிட்ட பிறகு அதன் அமிலம் கூடுகிறது. அப்போது செம்பு வேண்டாம், எவர்சில்வர்தான். செப்புக் குழாயைப் பற்றவைக்க ஈயம் கலந்த பற்றாசு கூடவே கூடாது. குடிநீர்க் குழாய்களுக்கு அமெரிக்கா அதை 1986-லேயே தடை செய்துவிட்டது. பித்தளை இணைப்பிலும் சிறிது ஈயம் உண்டு. உலோகவியல் படித்தவரும் வீட்டு பீர் பற்றிப் பரவலாகப் படிக்கப்படும் கையேட்டை எழுதியவருமான ஜான் பால்மர், பித்தளைச் சாமானை முதலில் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் முக்கி மேற்பரப்பு ஈயத்தை நீக்கச் சொல்கிறார். சாதாரண பிளாஸ்டிக் ஹோஸ் கொதிக்கும் சாற்றில் நூடுல்ஸ்போல் துவண்டுவிடும்.

இவ்வளவையும் கற்றுக்கொண்டவருக்கு வரும் நோய் ஒன்று இருக்கிறது: இன்னொரு பம்ப், இன்னொரு வால்வு. தானியத்தின் சூட்டை அரை டிகிரி பிசகாமல் காக்க, சாற்றைச் சுருள் வழியே சுற்றிச் சுற்றி ஓட்டும் அமைப்பு. அதற்கு ஒரு எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு. பார்க்க அழகுதான். ஆனால் அரை இஞ்ச் குழாய் ஒரு மீட்டருக்குச் சுமார் 127 மில்லிலிட்டர் பிடிக்கும். ஐந்து மீட்டர் குழாயில் அரை லிட்டருக்கு மேல் சாறு தங்கிவிடும். 19 லிட்டர் காய்ச்சுகிறவருக்கு அது ஒரு பாட்டில் பீர். பீரைவிடப் பெரிய நஷ்டம் நேரம். போட்ட ஒவ்வொரு மீட்டரையும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கழுவ வேண்டும்: முதலில் காரக் கரைசல், பிறகு தண்ணீர், பிறகு அமிலக் கிருமிநாசினி. அழுக்கின் மேல் கிருமிநாசினி ஊற்றிப் பயனில்லை. அழுக்கு போன பிறகுதான் அது வேலை செய்யும். சோம்பல் வந்த ஒரு நாள் போதும்.

ஆஸ்திரேலியர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள நாடு. 20 லிட்டர் சாறு ஆற 50, 60 லிட்டர் தண்ணீரைச் சாக்கடையில் விட மனம் வரவில்லை. கொதிக்கும் சாற்றை அப்படியே கெட்டியான பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, காற்றில்லாமல் மூடி, ராத்திரி முழுக்க ஆறவிட்டார்கள். கேனின் கிருமிகளைச் சாற்றின் சூடே பார்த்துக்கொள்கிறது. குளிர்விப்பான் இல்லை, குழாய் இல்லை. ஈஸ்ட் சேர்க்காத சாற்றில் அமிலம் போதாது. நாள் கணக்கில் வைத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுக்கு இடமாகலாம். மறுநாளே ஈஸ்ட் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் இதில் நிபந்தனை. தானியத்தைப் பெரிய துணிப்பையில் கட்டி ஒரே பாத்திரத்தில் ஊறவைத்து, பையைத் தூக்கி வடித்துவிட்டு, அதே பாத்திரத்தில் கொதிக்க வைக்கும் முறையும் அங்கிருந்து பரவியதுதான். மூன்று பாத்திரங்களும் பம்ப்பும் ஒரு பையில் அடங்கிவிட்டன.

பீர் தயாரான பிறகும் குழாய் விடுவதில்லை. குளிர்பானக் கம்பெனிகள் சிரப்பைப் பெட்டிப் பைகளுக்கு மாற்றியபோது, அவர்கள் கழித்துவிட்ட 19 லிட்டர் எவர்சில்வர் கேன்கள் வீட்டுக்காரர்களுக்கு மலிவாகக் கிடைத்தன. குளிர்பெட்டியில் கேன், பக்கத்தில் கார்பன்-டை-ஆக்சைடு சிலிண்டர், ஒரு மெல்லிய டியூப், குழாய். டியூப் ஒரு மீட்டர்தான் என்றால் டம்ளரில் நுரைதான் விழும். ஐந்து மில்லிமீட்டர் உள்விட்டத்தில் சுமார் மூன்று மீட்டர் இருந்தால், டியூபின் உராய்வே வாயுவின் வேகத்தைத் தின்று பீரை அமைதியாக இறக்கிவிடும். குழாய் கூடுதலாக இருப்பது நல்லது என்று சொல்லத்தக்க ஒரே இடம் இதுதான்.

கெட்ட பீர் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. ஆல்கஹாலும் அமிலமும் ஹாப்ஸும் சேர்ந்து நோய்க்கிருமிகளை வளரவிடுவதில்லை. ஆளைக் கொல்லக்கூடியவை வேறு. மூடிய ஷெட்டில் எரியும் காஸ் அடுப்பு வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடை நிரப்பும். ஈரத் தரையில் 5,500 வாட் ஹீட்டர், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச் இல்லாமல் ஓடினால் அது மரண வலை. ரெகுலேட்டர் இல்லாமல் வாயு சிலிண்டரைக் கேனோடு சேர்ப்பதும், பிடிப்பில்லாத ஹோஸில் கொதிக்கும் சாற்றைத் தள்ளுவதும் அதே ரகம்தான். அனுபவசாலிகள் ஹோஸ் ஒவ்வொன்றுக்கும் கிளாம்ப் போட்ட பிறகே பம்ப் சுவிட்சைத் தொடுகிறார்கள்.

இந்தியாவில் இதைப் படித்துவிட்டு ஷெட்டைக் காலிசெய்ய நினைப்பவர் கொஞ்சம் நிற்க வேண்டும். மதுத் தயாரிப்பு அரசியல் சட்டப்படி மாநிலங்களின் அதிகாரம். தமிழ்நாடு உட்படப் பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமல் தயாரிப்பது குற்றம். குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கே அமலில் இருக்கிறது. சில மாநிலங்களில் பழங்குடியினர் சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்க விலக்கு உண்டு. அசாமின் டிமாசா மக்கள் ஒட்டரிசியில் செய்யும் ஜூடிமாவுக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அந்த வீடுகளில் பம்ப்பும் வால்வும் கிடையாது. கழுவிக் கவிழ்க்க முடியாத பாத்திரமும் கிடையாது.

மாலை நான்கு மணி. ஷெட்டில் சாறு ஆறி, மூடிய பாத்திரத்துக்குள் போய்விட்டது, ஈஸ்ட் சேர்த்தாயிற்று. காய்ச்சும் வேலை முடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் நினைக்கலாம். ஆனால் இனிமேல்தான் ஒன்றரை மணி நேர வேலை இருக்கிறது. கேம்லாக்குகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. வால்வுகள் மூன்று துண்டாகப் பிரிகின்றன. எல்லாம் ஒரு பழைய துண்டின் மேல் வரிசையாக உலர்கின்றன. ஒரு இணைப்பு மட்டும் ஸ்பானருக்கு மசியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒழுகக் கூடாதே என்று அவரே இறுக்கியது. நல்ல அனுபவசாலி அதை இன்னும் இறுக்கிவைத்துவிட்டு வீட்டுக்குள் போகமாட்டார். ரம்பத்தைத் தேடுவார். அடுத்த சனிக்கிழமைக்குள் அந்த இடத்தில் கையால் கழற்றக்கூடிய ஒன்று வந்துவிடும்.